கடைப் பெட்டியில் காரச்சேவு

மார்ச் 2, திங்கள்

நூல் வியாபாரி ஒருவர் மில்லுக்குக் கொடுத்த டைரிகளில் மிஞ்சியது ஒன்று என் கைக்கு வந்தது. ஜனவரியும் பிப்ரவரியும் வெள்ளையாகக் கிடக்கின்றன. போகட்டும், அந்த இரண்டு மாதத்தில் எழுதி வைக்கும்படி நான் ஒன்றும் கிழிக்கவில்லை. மில் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். போகும்போதும் வரும்போதும் எழுதலாம் என்று எண்ணம்.

இந்த மாதம் மூச்சு விட நேரமிருக்காது. மில்லில் வருஷக் கணக்கு முடிக்கிறார்கள். மகள் கயலுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இவருக்கு லாரிப் பட்டறையில் ஓவர்டைம். மூன்று பேரும் மூன்று திசையில் ஓடுகிறோம், மூன்று டப்பாவையும் கட்டுவது நான். சாயங்காலம் கொறிக்க வேறு வேண்டும். வெளியே வாங்கித் தின்று கட்டுப்படியாகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து யோசித்துவிட்டேன். மாசம் முழுக்கச் சந்தையில் எது மலிவோ அதுதான் பொரியல். பக்கத்து வீட்டு முருங்கை மரம் நம் பக்கம் சாய்ந்திருப்பது கடவுள் செயல். தேங்காய்க்குப் பதில் நிலக்கடலைப் பொடி. என் கைக்கு எதைக் கொடுத்தாலும் ருசியாகும், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இன்றைய விசேஷம் வேறு. ஆறு வருஷம் பஞ்சுக் குடோனில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எடை எழுதினேன். சாப்பாடும் ஒற்றையாகத்தான், மூட்டைமேல் டப்பாவை வைத்துக்கொண்டு. இன்று முதல் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே சாப்பிட ஒரு மேசை, நாலு நாற்காலி. அக்கவுண்டன்ட் கோமளா மேடம், சித்ரகலா, போன வருஷம் சேர்ந்த சின்னப் பெண் வினோதினி. நாலாவது நாற்காலி எனக்கு! நாலு பேரோடு உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிட எத்தனை நாளாக ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு நல்ல வழக்கம். டப்பா மூடியை மல்லாக்கப் போட்டு வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பொரியலில் ஒரு கரண்டி மற்றவர் மூடியில் வைக்க வேண்டும். ஒரு வேளையில் நாலு வீட்டுச் சமையல் ருசி பார்த்துவிடலாம். நான் கொண்டுபோனது மிளகு போட்ட உருளைக்கிழங்கு வறுவல். மூன்று மூடியிலும் வைத்தேன். வினோதினி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்கினாள்.

கை கழுவும்போது கோமளா மேடம் என்னைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

"சொந்த ஊரு எது அஞ்சுகம்?"

"வத்தலக்குண்டு பக்கம் மேடம்."

"அங்க எங்க? எங்க சித்தியக்கூட அந்தப் பக்கந்தான் குடுத்திருக்கு."

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளயா?"

"இல்ல மேடம், காலனி."

"ஓ. சரி சரி."

குடோனில் ஆறு வருஷத்தில் ஒருத்தர்கூட என் ஊர் எது என்று கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செல்லப்பாண்டி என்ற என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்விதான் தோன்றும். "காலனின்னு சொல்லிட்டியா?" என்றார்.

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்றது?"

ரசம் ஊற்றச் சொன்னார்.

மார்ச் 3, செவ்வாய்

முருங்கைக்கீரை, கடலைப்பொடி தூவி. கோமளா மேடத்துக்கு வயிறு சரியில்லையாம். சித்ரகலா மத்தியானம் கீரை சாப்பிடுவதில்லையாம். வினோதினி மேடத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் போதுங்கக்கா" என்றாள். ஆனால் எனக்கு வைப்பதில் குறையில்லை. மூன்று பேரும் என் மூடியில் அவரவர் பொரியலை வைத்தார்கள். கோமளா மேடம் கரண்டியை மூடியில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து உதறிப் போட்டார். ரொம்பச் சுத்தக்காரர் போலிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். இரண்டாவது நாளே கீரையைக் கொண்டுபோய் நீட்டினால் யார் தொடுவார்கள்?

மார்ச் 5, வியாழன்

வாழைப்பூ. நேற்றே ஆய்ந்து மோரில் போட்டு வைத்தது. யாரும் தொடவில்லை. துவர்ப்பு போயிருக்காது.

மார்ச் 6, வெள்ளி

பீன்ஸ். தொடவில்லை. பீன்ஸ் முற்றல்.

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தேன். பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சம் வைத்திருந்த முந்திரியை அரைத்து, பட்டாணி போட்டு, ஒரு குருமா. கல்யாண வீட்டுக் குருமா தோற்றுவிடும். அளவு குறைவாகத்தான் வந்தது. கயலுக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டினேன். இவருக்கும் அதே.

கயல் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். "வாசனை தெரு முக்கு வரைக்கும் வருது. எனக்கு ஊறுகாயா?"

"அது ஆபீசுக்கு."

"நான் பரீட்சைக்குப் படிக்கிறவம்மா."

"நாளைக்கு உனக்கு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மேசையில் நானே எழுந்து, முந்திரிக் குருமா என்று சொல்லி ஒவ்வொருவர் பக்கமும் நீட்டினேன். கோமளா மேடம் மூடியைக் கையால் மறைத்து, "டாக்டர் முந்திரி கூடாதுன்னுட்டார்" என்றார். சித்ரகலாவும் "டாக்டர்" என்றாள். ஒரே டாக்டரிடம் போகிறார்கள் போல.

சாயங்காலம் ஆறிப்போன குருமாவைக் கயல் விரலால் வழித்துத் தின்றாள். "இதையா வேணாம்னாங்க? எங்க கிளாஸ்ல உன் டப்பாவத் தொறந்தா எனக்கு மூடிதாம்மா மிஞ்சும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

கொய்யாப்பழம் மலிந்து கிடக்கிறது. ஆளுக்கு ஒன்று கொண்டுபோனேன். அப்பாடா, மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள்! நான் கழுவித்தான் கொண்டுபோனேன். கோமளா மேடம் குழாயில் மறுபடி ஒரு தரம் கழுவிவிட்டுக் கடித்தார். கழுவட்டும். சாப்பிட்டாரா இல்லையா?

மார்ச் 15, ஞாயிறு

மாவு அரைத்தேன், புளிக்காய்ச்சல் கிண்டினேன், சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். அடுத்த வாரத்துக்கு என்னென்ன என்று இவரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீசுக்குச் சேனைக்கிழங்கு வறுவல் கொண்டுபோகிறேன் என்றதும் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"பழமா வாங்கிட்டுப் போ. இல்லாட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட். எதுக்கு அடுப்புல வேகுற?"

"ஏன், என் சேனைக்கிழங்குக்கு என்ன?"

"சேனைக்கிழங்குக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன?"

"பின்னன்னா என்னத்தச் சொல்ல? எங்க பட்டறையில நான் டப்பாவ யார்கிட்டயும் நீட்டுறதே இல்ல. ஓரமா டயர்மேல உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சிருவேன். பதினஞ்சு வருசமாச்சு, எனக்கொண்ணும் கொறஞ்சு போகல."

யாரோடும் ஒட்டாத ஜென்மம். இவரைப் போல நானும் டயரில் உட்கார்ந்து தின்ன வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் சேனையைத் தடிதடியாக வெட்டிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சேனைக்கிழங்கு திரும்பி வந்தது. தடிதடியாக இருந்ததால் இருக்கும்.

மார்ச் 18, புதன்

கயலுக்குச் சாயங்காலம் வரை ஸ்பெஷல் கிளாஸ். பசியோடு உட்கார்ந்தால் கணக்கு ஏறாது. ரேஷன் அரிசி மாவும் கடலை மாவும் கலந்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, காரச்சேவு தேய்த்தேன். ஒரு டின் நிறைய. பத்து நாளைக்குக் கவலையில்லை. இவர் போகிற வருகிற நேரமெல்லாம் கையை விடுகிறார். டின்னை ஒளித்து வைக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

இதை எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆபீசில் இன்று ஏழு மணி வரை இருக்க வேண்டும் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். நாலு பேரும் கொறிக்கக் காரச்சேவு எடுத்துப் போகலாம் என்று பார்த்தால், பெரிய டப்பாவைக் கயல் எடுத்துப் போயிருந்தாள். எதிர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கடையின் பெட்டி, மேலே தங்க நிறத்தில் கடைப் பேர் போட்டது. அதில் பேப்பர் விரித்துக் கொட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

டீ வந்ததும் பெட்டியை மேசையில் திறந்து வைத்துவிட்டு, வவுச்சர் பிரிண்ட் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி பாதி காலி! கோமளா மேடம் கையில் ஒரு பிடி. சித்ரகலா பூண்டுத் துண்டுகளைத் தேடித் தேடிப் பொறுக்குகிறாள். வினோதினி வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது. என் கையால் செய்ததைச் சாப்பிட்டுவிட்டார்கள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"அஞ்சுகம், அந்தக் கடையில காரச்சேவு இவ்ளோ நல்லாருக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார் கோமளா மேடம். "எப்ப வாங்குனீங்க?"

"மாஸ்டர மாத்திட்டாங்க போல மேடம்" என்றாள் சித்ரகலா.

நான் வாயைத் திறந்தேன். "காலையிலதான்" என்று வந்தது. ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. கையில் பிரிண்ட் எடுத்த காகிதங்கள் இருந்தன, அவற்றை அடுக்கினேன். மறுபடி அடுக்கினேன். அவர்கள் பேப்பரில் ஒட்டியிருந்த தூள் வரை தின்று முடித்தார்கள்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். இனி எனக்குத் தெரியாது என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்ள முடியாது. கீரை நன்றாகத்தான் இருந்தது. வாழைப்பூவில் துவர்ப்பு இல்லை. பீன்ஸ் பிஞ்சு, நானே உடைத்துப் பார்த்து வாங்கியது. முதல் நாள் உருளைக்கிழங்கு அவர்கள் தொண்டையில் இறங்கியது, ஏனென்றால் அப்போது இன்னும் அவர்கள் என்னிடம் ஊரைக் கேட்டிருக்கவில்லை. காலனிக்காரி வீட்டு அடுப்பில் வெந்தது என்று தெரிந்தால் இறங்காது. அதே அடுப்பில் வெந்தது கடைப் பெட்டியில் வந்தால் இறங்கும். இவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. உப்பு, காரம், துவர்ப்பு என்று தினமும் ஒரு சாக்கைத் தேடி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மேசைக்காகப் பெற்ற பிள்ளைக்கு ஊறுகாயைக் கட்டிக் கொடுத்தேனே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 23, திங்கள்

வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறாராம். கோமளா மேடம் என் சீட்டுக்கே வந்தார். "டீயோட வைக்க அதே காரச்சேவு ஒரு கிலோ வாங்கிட்டு வந்துருங்க அஞ்சுகம். நீங்கதான் பஸ் ஸ்டாண்ட் வழியா வர்றீங்க. பில் மறந்துராதீங்க."

"சரி மேடம்" என்றேன். பில்லுக்கு எங்கே போவது?

மார்ச் 25, புதன்

சாயங்காலமே அடுப்பில் எண்ணெய் வைத்தேன். கயல் கீழே உட்கார்ந்து அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். "திரும்பவுமா? டின்னுல பாதி இருக்கே" என்றாள்.

ஆடிட்டருக்கு என்றேன். கடையில் வாங்கச் சொன்னதைச் சொன்னேன். ஏன் அங்கே வாங்கச் சொன்னார்கள் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினைந்து வயசுப் பெண்ணிடம், அதுவும் பரீட்சை நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் ஆச்சரியம்.

"இப்பவும் பெட்டியிலதான் போடப் போறியா?"

"அப்பத்தான திம்பாங்க?"

"திம்பாங்க. அப்புறம்? அடுத்த மாசம் எந்தக் கடைப் பெட்டியத் தேடுவ?"

இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டார். "புள்ள பேச்சக் கேட்டு வம்ப வெலைக்கு வாங்காத. அங்கயே வாங்கிக் குடுத்துட்டு வேலையப் பாரு. இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் ஒரு ஃபேனுக்குக் கீழ ஒன்னய உக்கார வச்சிருக்காங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஃபேன் நல்ல ஃபேன்தான். நான் பரணிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிப் பேர் வெட்டிக் கொடுத்தது. 'ப. அஞ்சுகம்' என்று மூடியிலும் இருக்கும், வயிற்றிலும் இருக்கும்.

மார்ச் 26, வியாழன்

தூக்கைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன்.

"கடைப் பெட்டி எங்க?" என்றார் கோமளா மேடம்.

"கடையில வாங்கல மேடம். நான் போட்டது."

"அந்தக் கடையிலதான வாங்கச் சொன்னேன்?"

"போன வாரம் நீங்க சாப்ட்டதும் அந்தக் கடையோடது இல்ல மேடம். பெட்டி மட்டுந்தான் கடையோடது. காரச்சேவு எங்க வீட்டுது."

சித்ரகலா முகத்தில் ஈயாடவில்லை. வினோதினி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கோமளா மேடம் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அந்த வெறும் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். போன வெள்ளிக்கிழமை தின்றது இன்னுமா விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்? நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கணும்ல?" என்றார்.

"மொதல்லயே சொன்னேனே மேடம். ஊரக் கேட்டீங்க, சொன்னேன்."

அதற்குள் ஆடிட்டர் உள்ளே வந்துவிட்டார். வயசானவர், வெயிலில் வந்த களைப்பு. உட்கார்ந்ததும் தூக்கைத் திறந்து மோந்து பார்த்து, "ஆகா, பூண்டு தட்டிப் போட்டதா!" என்று கையை நீட்டினார்.

"சார், அது வேணாம் சார்" என்று கோமளா மேடம் தூக்கைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்தவர் உடனே விரல்களை எடுத்துக்கொண்டார். "பிஸ்கட் வாங்க ஆள் போயிருக்கு."

"ஏம்மா, இதுக்கு என்ன?"

"இல்ல சார்… இவங்க வீட்ல செஞ்சது."

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். கோமளா மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "ஓகோ" என்றார். நீட்டிய கை அப்படியே திரும்பி டீ டம்ளரை எடுத்தது. ஒருத்தரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. படித்தவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஆத்திரத்தில் காது இரண்டும் சுட்டன. நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றேன். காரச்சேவு தின்றால் சத்தம் வரும். அந்த அறையில் அது ஒன்றுதான் கேட்டது.

மார்ச் 27, வெள்ளி

மீதியைத் தூக்கோடு கயலிடம் கொடுத்தனுப்பினேன். பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலிலேயே காலி பண்ணிவிட்டார்களாம். எவளோ ஒருத்தி தூக்கைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாளாம்.

ஆபீசில் புது ஏற்பாடு. வேலை அதிகமாக இருப்பதால் இனி அவரவர் சீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கோமளா மேடம் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்குத்தான் போனேன். நாலு நாற்காலியும் எனக்கே.

இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்லா மென்னியா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 30, திங்கள்

எண்ணெய்க் கத்தரிக்காய். நான் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வினோதினி பின்னாலேயே வந்தாள். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"எதுக்கு?"

"எனக்கு அதெல்லாம் கெடையாதுக்கா. சத்தியமா. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்டுவோம். மேடம் இருக்கப்பதான்… என் வேலை கன்ஃபர்மேஷனுக்கு அவங்கதான எழுதணும்." குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க கத்தரிக்காய் வாசனை சீட்டு வரைக்கும் வருதுக்கா. எனக்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவுல தனியாக் கொண்டாந்து தர்றீங்களா? ரெக்கார்டு ரூம்ல வச்சு சாப்ட்டுக்கிறேன். யாருக்கும் தெரியாது."

நல்ல பெண்தான். கண்ணில் நிஜமான ஆசை இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சரி என்று சொல்லத் தோன்றியது. நாலு வாரமாக நான் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தானே? ஆனால் கோமளா மேடம் கையைத் துடைத்தபோது வராத அழுகை இப்போது வந்துவிடும் போலிருந்தது.

"நாளைக்கும் கத்தரிக்காதான் செய்றேன்" என்றேன். "மேசைக்கு வந்து எதுத்தாப்ல உக்காரு. நெறைய வைக்கிறேன்."

"அக்கா, அது…"

"ரெக்கார்டு ரூமுக்கெல்லாம் நான் சமைக்கிறதில்லம்மா."

டப்பாவை உதறித் தண்ணீரை வடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

வருஷக் கணக்கு இன்றோடு முடிகிறது. காலையில் கத்தரிக்காயைக் கயலுக்கும் இவருக்கும் முதலில் வைத்தேன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மேசையில் டப்பாவைத் திறந்தேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்தேன். வினோதினி தன் சீட்டில் இருந்தபடி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கோமளா மேடம் இருமினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அவளுக்கென்று கொண்டுபோனதையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.